கேட்காமல் வைத்திருந்த கடன்

குலசிங்கத்தாருக்கு ஜெயரட்ணம் மூவாயிரம் டொலர் கடன். வட்டியில்லை, எழுத்தில்லை, வாய்ச்சொல்லில் கொடுத்த காசு. மனைவியையும் கைக்குழந்தையையும் கொழும்பில் விட்டுவிட்டு ஸ்காபரோவில் டோர்செட் பார்க் பக்கம் ஒரே அறையில் ஐந்து பேரோடு படுத்துக் கிடந்த காலத்தில், அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிடுவதற்கென்று ஜெயரட்ணம் வாங்கியது ஐயாயிரம். இரண்டாயிரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தான். மிச்சத்தைக் கொண்டுவந்தபோது குலசிங்கத்தார் வாங்கவில்லை. "வைச்சிரடாப்பா, உனக்கு உதவும்" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகும் கொண்டுவந்து பார்த்தான். பிறகும் அதே தட்டுத்தான்.

வாங்கவில்லையே தவிர, சொல்லாமல் விட்டாரா? கலியாண வீடு, செத்த வீடு, பிறந்தநாள் கொண்டாட்டம், எங்கே நாலு பேர் கூடினாலும் அந்தக் காசு எப்படியோ கதைக்குள் வந்துவிடும். "ஜெயரட்ணத்துக்குக் குடுத்தது குடுத்ததுதான். இண்டைவரைக்கும் ஒரு வாய் கேட்டிருப்பனோ?" என்பார். அந்த மூவாயிரம் வங்கியில் கிடந்திருந்தால் யாருக்குத் தெரியும்? ஜெயரட்ணத்திடம் கிடந்தபடியால் முழு ஸ்காபரோவுக்கும் தெரிந்திருந்தது.

குலசிங்கத்தார் சும்மா ஆள் இல்லை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கோட்டு இல்லாமல் பனிக்குள் வந்து இறங்கியவர். இரண்டு வருடம் சட்டி கழுவினார். பிறகு நிலம் மினுக்கும் மெசின் ஒன்றைத் தவணைக்கு எடுத்து, இரவிரவாக ஒபிசுகள் துடைத்து, கடைசியில் நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி ஆனார். பிக்கரிங்கில் இரண்டு கார் நிற்கிற கராஜோடு வீடு. நகரத்தில் இருக்கிற பெரிய கட்டடங்களில் அவருடைய ஆட்கள் துடைக்காத மாடி குறைவு என்று சொல்வார்கள். சொல்வது பெரும்பாலும் அவர்தான். இவ்வளவையும் ஒரு சேட்டிபிக்கற் இல்லாமல் செய்தார். இந்த நாட்டில் அவர் எடுத்த ஒரே லைசென்ஸ் கார் ஓட்டுகிற லைசென்ஸ். அதுவும் மூன்றாந்தரம் போய்த்தான் கிடைத்தது. அதை மட்டும் அவர் யாருக்கும் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்குப் போன மாரியில் ஒரு சோதனை வந்தது. மனைவி பாலேஸ்வரிக்கு நித்திரை இல்லாமல் போனது. சாப்பாடு இறங்கவில்லை. அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் நிற்பாள். குடும்ப வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. "ஆரோடையாவது மனம்விட்டுக் கதையுங்கோ அம்மா" என்று சொல்லி, வோபர்னில் ஒரு கவுன்சிலிங் இடத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

"ஏன், என்னோட கதைக்கக்கூடாதோ?" என்று காரில் வரும்போது குலசிங்கத்தார் கேட்டார்.

"உங்களோடையோ?" என்றாள் பாலேஸ்வரி.

"அங்க இருக்கிறது ஆர்?"

"ஒரு பிள்ளையாம். யூனிவேசிற்றி முடிச்சு, பதிஞ்சு லைசென்ஸ் எடுத்த பிள்ளை. சோசல் வேக்கராம்."

"கதை கேக்கிறதுக்கும் லைசென்ஸோ? நான் முழு ரொறன்ரோவையும் துடைச்சனான். என்னட்ட ஒருத்தனும் லைசென்ஸ் கேக்கேல்லை."

வியாழக்கிழமை என்றால் பாலேஸ்வரி காலையிலிருந்தே வேறு ஆளாக இருப்பாள். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த நல்ல சால்வை வெளியே வரும். முகத்துக்குப் பவுடர் போடுவாள். அவரோடு கோயிலுக்குப் போகும்போதுகூட அந்தப் பவுடரை அவர் கண்டதில்லை. மார்க்கம் றோட்டில் சேலைக்கடைக்கு மேலே அந்த இடம். அவள் படியேறிப் போவாள். அவர் கீழே காருக்குள், தேத்தண்ணீர் ஆறிப்போகிற மட்டும், அந்த மாடி யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரைச்சீலை போட்ட யன்னல். என்னத்தைக் கண்டார்? ஒன்றையும் காணவில்லை. ஆனாலும் பார்ப்பார். ஒவ்வொரு தரமும் நூற்றுச் சொச்சம் டொலர் அவருடைய கிரடிற் காட்டில்தான் போனது. காசு போனது அவருக்கு வலிக்கவில்லை. அந்தக் காசுக்கு மேலே என்ன நடக்கிறது என்பது தெரியாமல் இருப்பதுதான் வலித்தது.

"என்ன கதைச்சனீர்?" என்று கார்க்கதவு சாத்த முன்னமே கேட்பார்.

"சும்மா கதைச்சம்."

"ஒரு மணித்தியாலம் சும்மாவோ?"

"ஓம்."

"என்னைப் பற்றியோ?"

"உங்களைப் பற்றிக் கதைக்க ஒரு மணித்தியாலம் காணுமோ?" என்று பாலேஸ்வரி சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்புத்தான் அவருக்குப் பொல்லாத எரிச்சலைக் கொடுத்தது. அது வீட்டில் உண்டான சிரிப்பு அல்ல, மேலேயிருந்து கொண்டுவந்த சிரிப்பு. முப்பத்தெட்டு வருடம் ஒரு மேசையில் சாப்பிட்டவருக்குக் கிடைக்காத ஒன்று, நேற்றுப் படிப்பு முடித்த ஒரு பெட்டைக்குக் கிழமைக்குக் கிழமை கிடைக்கிறது. முன்பு ஒரு தரம் வீட்டில் வாடகைக்கு இருந்தவன் பாலேஸ்வரியின் கறியை அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்தபோதுகூட அவருக்கு இப்படி இருக்கவில்லை. அவனை வீட்டைவிட்டு எழுப்பிவிட்டார், விசயம் முடிந்தது. இந்தப் பிள்ளையை எங்கே எழுப்புவது?

இன்னொரு நாள் பாலேஸ்வரி வாய் தவறி ஒன்று சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு மேலே எமில்டா என்று ஒரு பெரியவ இருக்கிறாவாம். தான் செய்கிறது சரியோ பிழையோ என்று பிள்ளை அவவிடம் சொல்லிக் கேட்குமாம்.

"லைசென்ஸ் எடுத்த பிறகும் சுப்பவைசரோ?" குலசிங்கத்தாருக்குத் தெரிந்த சுப்பவைசர், கையில் ரோச் லைற்றோடு வந்து மேசைக்குக் கீழே தூசி தேடுகிறவன். "அப்ப எங்கட வீட்டுக்கதை ரெண்டு பேருக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நல்ல ஞாயம்!"

சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமை பாலேஸ்வரி மூக்குக் கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டு ஏறிவிட்டாள். குலசிங்கத்தார் கண்ணாடியைக் கண்டார். கடவுளே கொண்டுவந்து சீற்றில் வைத்ததுபோல இருந்தது. தூக்கிக்கொண்டு படியேறினார். ஒரு பிள்ளை கதவைத் திறந்து, "தாங்க்ஸ் அங்கிள்" என்று கண்ணாடியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டது. உள்ளே ஒரு எட்டு வைக்க விடவில்லை. ஆனால் முன்னறைச் சுவரில் சட்டம் போட்ட லைசென்ஸ் தொங்கியது. தங்க நிறக் கரை, நடுவில் முத்திரை. குலசிங்கத்தாருக்கு ஆங்கிலம் வாசிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். எழுத்தெழுத்தாகக் கூட்டினார். லக்சிகா ஜெயரட்ணம்.

ஸ்காபரோவில் ஜெயரட்ணங்கள் எத்தனையோ பேர். ஆனால் கதவைத் திறந்த பிள்ளையின் முன்பல் இடைவெளி ஒரே ஒரு ஜெயரட்ணத்துடையது. அவருடைய காசில் விமானம் ஏறி வந்த அந்தக் கைக்குழந்தை இதுதான்.

படியிறங்கும்போது அவருக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. சிரிப்பு, பிடி கிடைத்துவிட்டதென்று. வயிறு எரிந்தது, அந்தச் சட்டத்தை நினைத்து. கடன்காரனுடைய மகளுக்கு முத்திரை குத்திய சட்டம். கடன் கொடுத்தவருடைய மகன் சுலக்சன் கல்லூரியைப் பாதியில் விட்டு, கல்கரியில் லொறி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில், நேரம் இருந்தால், தாய்க்கு மட்டும் போன் எடுப்பான்.

அடுத்த திங்கட்கிழமை குலசிங்கத்தார் நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு தனியே படியேறினார். லக்சிகா முன்னறையில் நின்றாள்.

"பிள்ளை, என்னைத் தெரியுதோ? நான் பாலேஸ்வரியின்ர அவர்."

"வணக்கம் அங்கிள். அப்பொயின்மென்ற் இருக்கோ?"

"எனக்கேன் அப்பொயின்மென்ற்? ஒரு சின்ன விசயம். உவ இஞ்ச வந்து என்ன சொல்லுறா?"

"சொறி அங்கிள். இஞ்ச ஆர் வருகினம், வரேல்லை எண்டுகூட நான் சொல்ல ஏலாது."

"காசு கட்டுறது நான்."

"ஆர் கட்டினாலும் அதுதான் றூல்."

"எல்லாம் வேண்டாம். என்னைப் பற்றி ஏதாவது சொன்னவவோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லு. தலையை ஆட்டினாலும் காணும்."

லக்சிகா தலையை ஆட்டவில்லை. கழுத்தைக்கூட அசைக்கவில்லை. குலசிங்கத்தாருக்குக் கோபம் ஏறியது. கையிலிருந்த பிடியை எடுத்தார்.

"உன்ர கொப்பர் ஜெயரட்ணம்தானே? குலம் அண்ணை எண்டு கேட்டுப் பார். நீ இந்த நாட்டில கால் வைச்சது ஆற்றை காசில எண்டு சொல்லுவான். இன்னும் மூவாயிரம் நிக்குது. ஒரு வாய் கேட்டனோ? கேக்கேல்லை. அப்ப நான் ஒரு சொல்லுக் கேட்டால் சொல்லமாட்டியோ?"

பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. தகப்பன் வீட்டில் சொல்லியிருக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்தது.

"இதை நான் என்ர சுப்பவைசரிட்டச் சொல்லவேணும் அங்கிள்" என்றாள். "இதுக்குப் பிறகு நான் ஒண்டும் கதைக்க ஏலாது. பிளீஸ்."

குலசிங்கத்தார் வென்றவர்போலத்தான் இறங்கினார்.

வியாழக்கிழமை வந்தது. பாலேஸ்வரி பவுடர் போட்டாள், சால்வையை எடுத்தாள், படியேறினாள். தேத்தண்ணீர் ஆற முன்னமே திரும்பி இறங்கிவந்தாள். கண்ணீரில் பவுடர் கரைந்திருந்தது.

"என்னப்பா, அதுக்குள்ள முடிஞ்சுதோ?"

"நீங்கள் மேல போனனீங்களோ?"

அவர் காரை ஸ்ராட் பண்ணினார்.

"அந்தப் பிள்ளைக்குத் தகப்பன்ர கடனைச் சொன்னனீங்களோ?" பாலேஸ்வரியின் குரல் உயரவே இல்லை. "இனித் தன்னாலை என்னைப் பாக்க ஏலாமல் போகலாமாம். எமில்டா அம்மா யோசிச்சுச் சொல்லுவாவாம். தமிழில கதைக்கிற வேற ஆள் எண்டால் ஆவணி மட்டும் காத்திருக்கவேணுமாம்."

"அதுக்கென்ன? என்னட்டச் சொல்லும். கதவைப் பூட்டிப்போட்டு இருந்து கேக்கிறன்."

"கேட்டுப்போட்டு அடுத்த கலியாண வீட்டில ஆருக்குச் சொல்லுவியள்?"

அன்றிரவு பாலேஸ்வரி சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலை குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். குலசிங்கத்தார் பின்னால் வந்து குழாயைப் பூட்டினார்.

அந்தக் கிழமையே எமில்டா இரண்டு பேரையும் கூப்பிட்டா. பாலேஸ்வரி சம்மதம் சொன்ன பிறகுதான் கூப்பிட்டா. மன்னார்ப் பெண்மணி, கழுத்தில் சின்னச் சிலுவை, நரைத்த தலைமயிர். ரோச் லைற் ஒன்றும் கையில் இல்லை. லக்சிகா அந்த அறையில் இருக்கவில்லை.

"அண்ணை, இண்டைக்குக் கதைக்கிறது அந்தக் காசைப் பற்றி மட்டும்தான்" என்று எமில்டா தொடங்கினா. "அக்கா இஞ்ச என்ன சொன்னவ எண்டதைப் பற்றி இல்லை."

"காசோ? அது நான் எப்பவோ வேண்டாமெண்டு தள்ளின காசு."

"தள்ளின காசை ஏன் அண்ணை அண்டைக்கு மேல ஏறிவந்து சொன்னனீங்கள்?"

குலசிங்கத்தார் சேட்டுக் கொலரை இழுத்துவிட்டார்.

"இவர் ஒருநாளும் தள்ளேல்லை" என்றாள் பாலேஸ்வரி, யன்னலைப் பார்த்துக்கொண்டு. "தள்ளினால் பிறகு சொல்லுறதுக்கு என்ன இருக்கு?"

எமில்டா மேசையில் கையை வைத்தா. "அண்ணை, இப்படி யோசியுங்கோ. அக்கா ஒரு விசயம் சொல்லுறா. உங்களுக்குப் பிடிக்காத விசயம் எண்டு வையுங்கோ. லக்சிகா அவவைப் பாத்து, நீங்கள் என்ன செய்ய நினைக்கிறியள் எண்டு பயமில்லாமல் கேக்கவேணும். அந்த நேரம், அப்பா இவருக்குக் காசு குடுக்கவேணும் எண்டு மனதின்ர ஒரு மூலையில கிடந்தால், கேள்வி சரியாய் வருமோ? அக்காவுக்கும்தான். என்ர மனிசனிட்டக் கடன்பட்ட ஆளின்ர மகள் எண்டு அவ அந்தப் பிள்ளைக்காக இரங்கத் தொடங்கினால்?"

"பிள்ளை கெட்டிக்காரி. சமாளிப்பாள்."

"கெட்டித்தனம் வேற. லைசென்ஸ் எண்டது சுவரில கொழுவ மட்டும் இல்லை அண்ணை. பிழை விட்டால் வந்து கழட்டவும் ஆள் இருக்கு. அவ அதை என்னட்ட மறைக்காமல் வந்து சொன்னதாலதான் நாங்கள் இப்ப இதில இருந்து கதைக்கிறம்."

"அப்ப அவளே அந்த மூவாயிரத்தைத் தந்திட்டால்?"

"தாறன் எண்டுதான் நிண்டவ. நான் விடேல்லை. அது இன்னொரு முடிச்சு. தகப்பனிட்டப் போய்ச் சொல்லவும் அவவுக்கு ஏலாது. அக்கா இஞ்ச வாறது அவரின்ர காதுக்குப் போகக்கூடாது. அந்தக் கடன் நிக்கிறமட்டும் அவ அக்காவுக்கு முன்னால இருக்க ஏலாது. அது ஒரு வழியாய்த் தீர்ந்தால், அக்காவும் விரும்பினால், நான் கிழமைக்குக் கிழமை கூட இருந்து கவனிச்சுக்கொண்டு தொடர விடுவன். அப்பவும் சரிவரேல்லை எண்டு கண்டால் மாத்துவன். இல்லையெண்டால் இப்பவே வேற ஆள்."

"எனக்கு வேற ஆள் வேண்டாம்" என்றாள் பாலேஸ்வரி. "எல்லாத்தையும் முதலிலயிருந்து இன்னொருத்தருக்குச் சொல்ல எனக்குச் சீவன் இல்லை."

எல்லாத்தையும். அந்த ஒரு சொல் குலசிங்கத்தாரின் நெஞ்சில் ஆணிபோல் இறங்கியது. எல்லாவற்றையும் அவள் சொல்லிவிட்டாள். சொன்ன இடம் இது. அவர் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு கதிரை, ஒரு பூச்சாடி, ஒரு திசுப் பெட்டி. அவருடைய பிக்கரிங் வீட்டு வரவேற்பறையில் வைத்தால் ஒரு மூலைக்குக் காணாது. பொறாமை என்றால் இப்படி ஒரு பொறாமை! கதிரையைப் பார்த்தே பொறாமைப்பட்டார்.

தள்ளிவிட்டேன் என்று அவர் சொன்னால் இனி ஒருவரும் நம்பமாட்டார்கள். ஜெயரட்ணம் தானாகக் கொண்டுவந்தால்தான் உண்டு. அவன் இனிக் கொண்டுவர மாட்டான். முதுகில் தட்டித் தட்டியே அவர் அந்தப் பாதையை அடைத்துவிட்டார். அப்படியென்றால் அவரே போய்க் கேட்கவேண்டும். ஏன் கேட்கிறார் என்று சொல்லவும் முடியாது.

கீழே காரில் ஏறியதும் பாலேஸ்வரி சொன்னாள்: "கேக்க வெக்கமெண்டால் விடுங்கோ. நான் சமாளிப்பன்."

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் சமாளிப்பன் என்று சொல்லி அவர் கேட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் அந்தச் சொல் அவருக்குப் பயமாக இருந்தது.

ஜெயரட்ணத்தின் சாப்பாட்டுக்கடை டோர்செட் பார்க்கில். இடியப்பம், கொத்துரொட்டி, மீன் வைத்த மாலு பணிஸ். குலசிங்கத்தார் வேண்டுமென்று சனக்கூட்டம் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனார். அங்கே எந்த நேரமும் சனக்கூட்டம்தான் என்பது அவருக்குத் தெரியாது. அவர் அந்தக் கடைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

"அட, குலம் அண்ணை! வாங்கோ, வாங்கோ!" ஜெயரட்ணம் ஏப்ரனில் கையைத் துடைத்தான். பின்சுவரில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் லக்சிகா பட்டமளிப்பு உடுப்போடு சிரித்துக்கொண்டிருந்தாள். சாமிகளைவிடப் பெரிய படம். "என்ன எடுக்கிறியள்? காசு வேண்டாம், சொல்லுங்கோ."

"ரட்ணம், ஒருக்கா வெளியில வாறியோ?"

"கடையை விட்டிட்டு எப்பிடி அண்ணை? இதில சொல்லுங்கோ, எல்லாம் எங்கட ஆக்கள்தானே."

வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். குலசிங்கத்தார் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் காசு..."

"எந்தக் காசு?"

"அந்த மூவாயிரம்."

கொத்து அடிக்கிற சத்தம் நின்றது. முன்னால் நின்ற கிளடிஸ் அன்ரி, கொழும்புக் கதையிலிருந்து கனடாக் கதை வரை காதில் விழுந்த ஒன்றையும் வீணாக்காதவ, திரும்பியே நின்றுவிட்டா.

ஜெயரட்ணம் அவரை மேலும் கீழும் பார்த்தான். நல்ல சப்பாத்து, நல்ல சேட்டு. அவனுக்கு விளங்கவில்லை. மெல்லக் கேட்டான்: "என்ன அண்ணை, கையில காசு முடையோ?"

உன்னுடைய மகளுக்காகத்தானடா வந்தேன், என்னுடைய மனைவிக்காகத்தானடா வந்தேன் என்று நாக்கு நுனி மட்டும் வந்தது. அதைச் சொன்னால் மானம் தப்பும். சொன்னால் வியாழக்கிழமை போய்விடும். சாமிகளுக்குப் பக்கத்திலிருந்து அந்தப் பிள்ளை முன்பல் தெரியச் சிரித்தது. பாலேஸ்வரியின் எல்லாவற்றையும் வைத்திருக்கிற பிள்ளை.

"ஓம்" என்றார் குலசிங்கத்தார். "கொஞ்சம் முடை."

"ஐயோ அண்ணை!" ஜெயரட்ணத்தின் முகத்தில் முதலில் இரக்கம் வந்தது. பின்னாலேயே, அடக்க அடக்க, ஒரு வெளிச்சம் வந்தது. இருபத்தைந்து வருடமாக முதுகில் வாங்கிய தட்டெல்லாம் ஒரே நேரத்தில் கழன்று விழுந்த முகம். உள்ளே ஓடினான். கேற்றறிங் ஓடருக்கு வாங்கி வைத்திருந்த முற்பணமும் கல்லா லாச்சிக் காசும் கையுமாக வந்தான்.

"கவரில போட்டுத் தா" என்றார் குலசிங்கத்தார்.

"இல்லை அண்ணை. எண்ணித்தான் தருவன். பிறகு குறையுது, கூடுது எண்டு ஒரு கதை வரக்கூடாது. கையை நீட்டுங்கோ."

"பிஸ்னஸ் விழுந்திட்டுதோ தம்பி?" என்று கிளடிஸ் அன்ரி உண்மையான கவலையோடு கேட்டா.

நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுத்த கை. எப்போதும் மேலேயிருந்து கீழே கொடுத்துப் பழகிய கை. அதை மலர்த்தி நீட்டினார்.

"நூறு... இருநூறு..." ஜெயரட்ணம் முழுக்கடைக்கும் கேட்க எண்ணினான். பெரிய தாள்கள் முடிந்து ஐம்பதுகள் வந்தன. ஐம்பதுகள் முடிந்து, கறி மணக்கிற இருபதுகள் வந்தன. வரிசையில் நின்ற ஒருவரும் அவசரப்படவில்லை. அடுத்த வியாழக்கிழமை பாலேஸ்வரி பவுடர் போடுவாள், படியேறுவாள், ஒரு மணித்தியாலம் கதைப்பாள், இறங்கிவந்து சும்மா கதைச்சம் என்பாள். அவர் காருக்குள் இருந்து யன்னலைப் பார்ப்பார். அதை நினைக்க இப்போதும் வயிறு எரிந்தது. கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

"ரெண்டாயிரத்துத் தொளாயிரத்து அறுபது... எண்பது..." கடைசித் தாளை ஜெயரட்ணம் விரலால் நீவி, மேலே வைத்தான். "மூவாயிரம். சரிதானே அண்ணை?"

"சரி" என்றார் குலசிங்கத்தார்.